மூன்று நாள், மூன்று பூட்டு: உங்கள் கட்ச் பயணம் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் நிறுவனத்தின் ஆறு நாள் குஜராத் கட்ச் பாரம்பரியப் பயணத்தில் நானும் என் அக்காவும் போய் வந்தோம். தலைக்கு 34,500 ரூபாய், ரயில் செலவு தனி. திரும்பி வந்ததும் போனில் இரண்டு தடவை பேசினேன், இரண்டு தடவையும் "பார்த்துச் சொல்றோம் சார்" என்பதோடு முடிந்துவிட்டது. அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

வெள்ளை ரண் என்கிற உப்புப் பாலைவனம், ஒட்டகச் சவாரி, கூடாரத்தில் தங்குவது, இதற்காக நாங்கள் வரவில்லை. அதை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் நோட்டீஸில் நான்கு அருங்காட்சியகம், ஒரு கைவினை மையம் என்று போட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். (அதில் ‘அருங்காட்சியம்’ என்று ஒரு எழுத்தை விழுங்கியிருந்தீர்கள். போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான், கண்ணில் பட்டது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

புதன்கிழமை காலை புஜ் நகரில் கட்ச் அருங்காட்சியகம். 1877-இல் தொடங்கியது, குஜராத்திலேயே பழையது. அந்தாவ் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. சகர் குல அரசன் ருத்ரதாமன் காலம், கி.பி. 130, பிராமி எழுத்து. இறந்துபோன உறவுகளுக்காகக் குடும்பத்தார் நட்ட நினைவுக்கற்கள் அவை, உடன்பிறந்தவளுக்காக நட்ட கல்லும் அதில் உண்டு. உளியால் அடித்த எழுத்தில் வளைவு எப்படித் திரும்புகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. புதன்கிழமை வார விடுமுறையாம். உங்கள் வழிகாட்டி அதற்குப் பிறகுதான் போனை எடுத்துத் தேடுகிறார்! அப்புறம் எதிரே இருக்கிற ஹமீர்சர் ஏரியைக் காட்டி, நல்ல வியூ சார், போட்டோ எடுத்துக்கோங்க என்றார்.

சரி, ஒரு நாள் தவறுவது சகஜம் என்று விட்டுவிட்டோம். வியாழக்கிழமை ஆயினா மஹால், கட்ச் அரசர் ராவ் லக்பத்ஜிக்காக ராம்சிங் மாலம் கட்டிய கண்ணாடி அரண்மனை. மாலம் ஹாலந்தில் பல வருஷம் இருந்து கண்ணாடி வேலையும் ஓடு வேலையும் கற்றுக்கொண்டு வந்தவர் என்று ரயிலில் அக்காவுக்கு நானே கதை சொல்லிக்கொண்டு போயிருந்தேன். அதுவும் பூட்டு. அங்கே வியாழன் விடுமுறை. பக்கத்திலேயே இருக்கிற பிராக் மஹாலைக் காட்டி, இதுவும் அரண்மனைதானே என்றார் வழிகாட்டி.

இந்த இரண்டு இடமும் ஒரே ஊருக்குள் இருக்கிறது, ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்து முடிப்பதற்குள் வந்துவிடும். புதன், வியாழன் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே திறந்திருக்கும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. எத்தனை வருஷமாக இந்தப் பயணத்தை நடத்துகிறீர்கள் என்று உங்கள் நோட்டீஸே பெருமையாகச் சொல்கிறது, அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட காலண்டரைப் பார்க்கவில்லையா?

வெள்ளிக்கிழமை தோலாவிரா, சிந்து சமவெளி நாகரிக நகரம் ஒன்றைத் தோண்டியெடுத்த இடம். என்னைப் பொறுத்தவரை மொத்தப் பயணமே அந்த ஒரு நாளுக்காகத்தான். காவ்டா வழியாக ரண்ணை நடுவில் வெட்டிக்கொண்டு போகிற சாலையில் இரண்டு பக்கமும் உப்புத் தரை, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலையில் படம் எடுக்க மட்டும் வண்டியை நான்கு இடத்தில் நிறுத்தி ஒன்றேகால் மணி நேரம் போக்கிவிட்டு, தோலாவிராவுக்குள் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிஷம். அங்கிருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, ஆகவே மூன்றாவது பூட்டு. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை.

அகழாய்வுத் தளம் திறந்திருந்தது. பெரிய நீர்த்தேக்கத்தின் படிக்கட்டு வரை கூட்டிப்போனார்கள். வடக்கு வாசலுக்குப் போகலாம் என்று கேட்டேன். 4,000 வருஷத்துக்கும் முந்தைய அந்த நகரத்தின் பெயர்ப்பலகை கிடைத்த இடம் அது. ஜிப்சத் துண்டுகளை வெட்டி மரப்பலகையில் பதித்த பத்து எழுத்துகள், ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. உயரம். பலகை மக்கி மண்ணாகிவிட்டது, எழுத்துகள் மட்டும் வரிசை கலையாமல் கிடந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும், அந்த உயரத்தில் எழுதுகிறவன் கீழே நிற்கிற ஆளுக்காக எழுதவில்லை, தூரத்தில் வந்துகொண்டிருக்கிறவனுக்காக எழுதியிருக்கிறான். நானும் தினமும் அதே கணக்கைத்தான் போடுகிறேன். உங்கள் வழிகாட்டி சொன்ன பதில்: "அங்க ஒண்ணும் இல்ல சார், வெறும் மண்ணுதான்." நான் தனியாக நடக்க ஆரம்பித்தேன், பாதி தூரத்தில் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார், மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று திரும்பி வந்துவிட்டேன். திரும்பியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை அக்காவின் முறை. அவள் எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறாள், அஜ்ரக்பூரில் இருக்கிற கைவினை மையத்தில் கட்ச் சமூகங்களின் தையல் வகைகளைத் தனித்தனியாகப் பார்க்க நோட்டுப் புத்தகம், பூதக்கண்ணாடி சகிதம் வந்திருந்தாள். போகிற வழியில் ஒரு துணிக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தீர்கள். கடைக்காரர் டிரைவருக்கும் வழிகாட்டிக்கும் தனியாக டீ கொடுத்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனதை நாங்களும் பார்த்தோம். மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுவதற்கு இருபத்தைந்து நிமிஷம்தான் பாக்கி. நோட்டில் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாள்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்மிருதிவனத்தில் குறையே இல்லை. புஜியோ குன்றின் மேல் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்காக எழுப்பிய நினைவிடம், இறந்தவர்களின் பெயர்ப் பலகைகளுக்கு முன்னால் யாரும் பேசவில்லை. அங்கே மூன்று மணி நேரம் விட்டீர்கள். வழிகாட்டி வெளியே தூங்கிவிட்டதால்தான் அந்த மூன்று மணி நேரம் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

போனில் பேசியவர், அருங்காட்சியக விடுமுறை எங்கள் கையில் இல்லை, வேண்டுமானால் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். விடுமுறை உங்கள் கையில் இல்லைதான், எந்தக் கிழமை எங்கே போவது என்பது முழுக்க உங்கள் கையில்தான் இருந்தது. நான் கேட்பது டிக்கெட் காசை இல்லை. அறிவித்த ஐந்து இடங்களில் ஒன்றைத்தான் முழுசாகப் பார்த்திருக்கிறோம், தங்குமிடம், சாப்பாடு, வண்டிக்காக ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கட்டிய 69,000 ரூபாயில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே அடுத்த குழு கிளம்புவதற்கு முன் பயணத் திட்டத்தில் கிழமைகளை மாற்றுங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போன் வேண்டாம். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், உங்கள் பயணத் திட்டம், பூட்டிய கதவுகளுக்கு முன்னால் அக்கா நிற்கிற படங்கள் மூன்று.