லைட் லைனில் 16 ஆம்பியர் பிளக் வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியதுமே, சமையலறை லைட் சுவிட்ச் பாக்ஸிலிருந்து லூப் எடுத்து ஒரு 16 ஆம்பியர் பிளக் மாட்டித் தரச் சொல்கிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் சுவருக்குள் கிடப்பது லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயர். 2,000 வாட் அடுப்பு ஒன்றே 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். கூடவே 1,500 வாட் கெட்டிலைப் போட்டால் 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். லைட் லைனுக்குப் போட்ட 10 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். விழத்தான் வேண்டும்.

அடுத்துச் செய்வதுதான் வீட்டை எரிக்கிற காரியம். 'எம்.சி.பி. வீக்காகிவிட்டது' என்று 20 ஆம்பியர் மாட்டிவிடுகிறார்கள். எம்.சி.பி. இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி.யில் 22 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழாது. மெல்லிய வயரின் உறை அதற்குள் சூடேறி இளகும்.

இண்டக்‌ஷனுக்கு எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்தே தனியாக 2.5 சதுர மி.மீ. வயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இழுத்து, 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். பைப்புக்குள் ஜாயின்ட் கூடாது. லைட் லைனில் 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பதே வரம்பு. அதற்குள் அடங்கும் போன் சார்ஜர், டிவி போன்றவற்றுக்கு 6 ஆம்பியர் பாயின்ட் சேர்க்கலாம்.

அதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பழைய சுவிட்ச் பாக்ஸில் பச்சை நிற எர்த் வயர் இல்லையென்றால், எர்த் ஓட்டையை நியூட்ரலோடு கோத்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், அந்த பிளக்கில் மாட்டிய இரும்புச் சாமானின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் இல்லாத இடத்தில் எர்த் வயரை இழுத்த பிறகே பிளக் மாட்ட வேண்டும். இன்னொன்று, வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்குவது. எம்.சி.பி.யை அணைத்த பிறகும் கழற்றிய அந்த நியூட்ரல் ஷாக் அடிக்கும்.

பாக்ஸைத் திறக்குமுன் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிறகு டெஸ்டரோடு விடாமல் டெஸ்ட் லாம்ப்பும் வைத்துக் கரன்ட் இல்லையென்று பாருங்கள். பிளக்கின் பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்க, எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ். இழை ஒன்றும் அறுபடாமல் முறுக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள். லூசான ஸ்க்ரூதான் பிளக்கைக் கருக்குகிறது. பிடுங்கும்போது பின் சுட்டாலோ, சாக்கெட் பழுப்பேறியிருந்தாலோ அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

– லைசென்ஸ் பெற்ற வயர்மேன்கள், திருச்சி