ஜில் ஜில் ரமாமணியை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன், ஆச்சி

அன்புள்ள மனோரமா ஆச்சிக்கு,

நீங்கள் மறைந்த அக்டோபர் 10 வந்தால் உங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆயிரம் படம், ஐந்து முதல்வர்களோடு நடிப்பு, 2002இல் பத்மஸ்ரீ. மன்னார்குடி, பள்ளத்தூர் என்று உங்கள் கதையை உங்களுக்கே சொல்ல நான் உட்காரவில்லை. ஒரு முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடை நகைச்சுவை கற்க வரும் பெண்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், முதல் பாடமே 'தில்லானா மோகனாம்பா'ளில் நீங்கள் ஜில் ஜில் ரமாமணியாக வரும் காட்சிதான். இந்த வருடத்திலிருந்து அதை நிறுத்திவிட்டேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

வருகிற பெண்கள் முதலில் பிடித்துக்கொள்வது உங்கள் குரலைத்தான். தொண்டையை இறுக்கி, சத்தத்தை மூக்குக்கு ஏற்றிப் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் "அப்படியே ஆச்சிதான்" என்று கைதட்டுவார்கள். அதற்கு மேல் அந்தப் பெண் நகரவே மாட்டாள். உங்களுடையது ஆர்மோனியத்துக்குப் பாடிப் பழகிய நாடகக் குரல். வயிற்றிலிருந்து மூச்செடுத்துக் கடைசி வரிசைவரை கேட்கவைத்து, பிறகு சினிமா மைக்குக்காகச் சுருக்கிக்கொண்ட குரல். அந்த அடித்தளம் இல்லாமல் மேலே இருக்கும் கீச்சை மட்டும் எடுத்தால், ஒன்றரை மணி நேர நாடகத்தில் இடைவேளைக்கு முன்பே தொண்டை கட்டிவிடும். அதன்பிறகு வசனத்தைக் கத்தத்தான் முடியும், பேச முடியாது.

அந்தக் காட்சியில் எடுத்துக்கொள்ள வேண்டியது குரலே இல்லை. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் நாயனத்தைப் பற்றி ரமாமணி ஒரு சந்தேகம் கேட்பாளே, அந்த இடம். இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்கிற கேள்வி. காகிதத்தில் படித்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எதிரே நிற்பவர் நாயனத்தில் ஊரே கொண்டாடும் வித்வான். அவரைக் கிண்டல் செய்கிறோம் என்கிற நினைப்பு ரமாமணிக்குத் துளியும் கிடையாது. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். கண்ணில் ஒரு சின்னக் குறும்பு எட்டிப்பார்த்திருந்தாலும் அவள் வாயாடியாகியிருப்பாள், அவரும் அவமானப்பட்டவராகியிருப்பார். நீங்கள் அவளைக் கடைசிவரை வெகுளியாகவே வைத்திருந்தீர்கள். கேள்வியின் முதல் பாதி சாதாரணமாகப் போகிறது. இரண்டாம் பாதியில்தான் கொட்டகை உடைகிறது. முதல் பாதியில் ஒரு இழை கூடுதலாக அழுத்தியிருந்தாலும் இரண்டாம் பாதிக்கு மிச்சம் இருந்திருக்காது.

இதைத்தான் அந்தப் பெண்கள் பார்ப்பதில்லை. கேள்வி கேட்கும்போதே சிரித்துவிடுகிறார்கள். நடிக்கிறவள் முதலில் சிரித்தால் பார்க்கிறவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

மேடைப் பழக்கம் உங்கள் சினிமா நடிப்பில் எங்கெல்லாம் தெரிகிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? நான் தேடிப் பார்த்தவரை எண்ணிக்கைகள்தான் கிடைக்கின்றன. மேடையில் சிரிப்பு எழுந்ததும் அது உச்சிக்குப் போய்ப் பாதிக்கு மேல் இறங்கும்வரை அடுத்த வசனத்தை எடுக்கக்கூடாது. உச்சியில் எடுத்தால் வசனம் சத்தத்தில் போய்விடும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் கூட்டம் ஆறிப்போய்விடும். அந்த இடைவெளியில் சும்மா நிற்கவும் கூடாது. முந்தானையைச் செருகலாம், எதிரே இருப்பவர் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சபையைப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. கேமராவுக்கு முன்னால் சிரிப்பவர் யாரும் இல்லை. ஆனால் படம் ஓடும்போது கொட்டகையில் எங்கே சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் முக்கியமில்லாத ஒரு பார்வையையோ முனகலையோ விட வேண்டும். மேடையில் அடிபட்டு வந்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு தானாக வரும்.

இன்னொன்று, சிரிப்பு வரவேண்டிய சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் நமக்கு இது பாதி தானாகவே அமைகிறது. அதற்குப் பிறகு "தெரியுமா", "சார்", "ம்மா" என்று ஒரு வாலை ஒட்டினால் தீர்ந்தது. கூட்டம் சிரிக்க வாயைத் திறக்கும்போது அந்த வால் போய் அடைத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் ஒட்டுவது அந்த வாலைத்தான்.

'தில்லானா' வந்த அதே 1968இல் 'பொம்மலாட்ட'மும் வந்தது. அங்கே மெட்ராஸ் பாஷையில் 'வா வாத்யாரே' என்று பாடினீர்கள். ஒரே வருடத்தில் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஊர். வட்டார வழக்கு என்றால் சில சொற்களை மாற்றிப்போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். மெட்ராஸ் பாஷையில் சொல்லின் நடுவை விழுங்கி முடிவைத் தட்ட வேண்டும். வேறொரு உதாரணம் வேண்டுமென்றால், கொங்கு வழக்கில் கடைசியை இழுத்து மரியாதையாக இறக்க வேண்டும். இழுப்பு எங்கே என்று தெரியாமல் சொல்லை மட்டும் மாற்றினால் அது வேஷம் போட்ட மாதிரி தனியாக நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த நீங்கள் ஏன் ஆச்சி ஒன்றுமே சொல்லவில்லை? நான் பார்த்த பேட்டிகளிலெல்லாம் உங்கள் அம்மாவைச் சொன்னீர்கள், கவிஞர் கண்ணதாசனைச் சொன்னீர்கள். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் அவர் நகைச்சுவை வேடம் கொடுத்ததையும், கதாநாயகி என்றால் சில வருடம்தான், இதில்தான் நிலைக்கலாம் என்று அவர் சொன்னதையும் சொன்னீர்கள். அந்த நன்றி உங்கள் குணம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வாசல்வரைதானே கொண்டுவந்து விட்டார்? உள்ளே ஐம்பது வருடத்துக்கு மேல் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நோட்டு எழுதிவைத்திருக்கக் கூடாதா? எங்களிடம் மிஞ்சியிருப்பது சினிமா மட்டும்தான். நாடகத்தில் நீங்கள் செய்ததெல்லாம் பார்த்தவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கேட்டு எழுதிவைத்திருக்க வேண்டியவர்கள் நாடகக்காரர்களான நாங்கள்தான் என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

  

விருதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1989இன் 'புதிய பாதை'க்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் நகைச்சுவைக்கென்று தேசிய விருதில் ஒரு பிரிவே கிடையாது. அவ்வளவு காலம் சிரிக்கவைத்த தொழிலைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத்தான் கௌரவிக்க முடிந்தது. இது இன்னும் ஆறவில்லை.

சீரியலுக்குப் போகும் பெண்களுக்குச் சிக்கல் வேறு. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் வசனம் படிக்க, அதைக் காதில் வாங்கி அப்படியே சொல்கிறார்கள். டப்பிங் பிறகு. காதில் வாங்கும் அந்த அரை நொடி முகம் வெறுமையாகிவிடுகிறது. எல்லா வசனத்துக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விழுகிறது. நகைச்சுவைக்கு இடைவெளி சமமாக இருந்தால் செத்தது. மேக்கப் போடும்போதே எதிராளி வசனத்தின் கடைசிச் சொல்லையும் உன் வசனத்தின் கடைசிச் சொல்லையும் மனப்பாடம் செய்துகொள், ப்ராம்ப்ட் செய்பவரிடம் முதல் இரண்டு சொல் மட்டும் போதும் என்று சொல்லிவிடு என்கிறேன். சிலர் செட்டில் தைரியமாகக் கேட்கிறார்கள். கேட்கத் தயங்குபவர்கள்தான் அதிகம்.

உங்கள் காட்சிக்குப் பதில் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தி தனக்கு நிஜமாகவே பதில் தெரியாத ஒரு கேள்வியை, எதிரே நிற்பவரின் தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டும். குரல் அவளுடைய சொந்தக் குரல். கேள்வியை இரண்டு பாதியாக உடைக்க வேண்டும், அழுத்தம் இரண்டாவதில். உதடு அசைந்து சிரிப்பு வந்தால் முதலிலிருந்து. இது கைவந்த பிறகு படத்தை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை, ஒரு நாடகக்காரி