முதியவரைக் கட்டிலுக்கு வெளியேயும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் மருத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்துறையில் நிபுணர்கள் போதவில்லை, மேற்படிப்பு இடங்களைக் கூட்ட வேண்டும் என்பது கட்டுரையாளர் வாதம். கூட்டட்டும், நல்லதுதான். ஆனால் செவிலிய மாணவர்களுக்கு வார்டில் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்கு அதில் பாதித் திருப்திதான். 2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரையும் தனி நிபுணர்கள் பார்ப்பது எந்த நாட்டிலும் நடக்காது. அவர்களைப் பார்க்கப்போகிறவர்கள் எலும்பு மருத்துவர், கண் மருத்துவர், இரவுப் பணிச் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், மருந்து எடுத்துக் கொடுக்கும் ஃபார்மசிஸ்ட், ஆம்புலன்சில் வருபவர் ஆகியோர்தான். முதுமையைப் பற்றி இவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

பெரும்பாலும் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு பத்தி. ‘முதியவர்களில் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும்’, ‘முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம்’. குழந்தை மருத்துவத்துக்குத் தனிப் பாடம், தனிப் பயிற்சிக் காலம், தனித் தேர்வு எல்லாம் உண்டு. தன் பணிக்காலம் முழுக்க ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காத மருத்துவரும் அதைப் படித்துத் தேறியாக வேண்டும். முதியவர்களையே நாள் முழுக்கப் பார்க்கப்போகிற மாணவருக்கு அந்த ஒரு பத்தி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. மாணவர்கள் சந்திக்கிற முதியவர்கள் எல்லோரும் கட்டிலில் படுத்திருப்பவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர், மூச்சுத் திணறி வந்தவர், யாரையும் அடையாளம் தெரியாதவர். போன வாரம் வரை இவர் தனியாகச் சமைத்தாரா, படியேறினாரா, வங்கிக்குப் போனாரா என்பது கேஸ் ஷீட்டில் இருக்காது. இப்படியே சில வருடம் பார்த்துப் பழகிய மாணவருக்கு முதுமை என்றாலே இதுதான் என்று மனதில் படிந்துவிடுகிறது. அப்புறம் எதைச் சொன்னாலும் ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதில் தானாக வருகிறது. முட்டி வலியா, சிறுநீர் கசிகிறதா, தூக்கம் இல்லையா, பேச்சில் தடுமாற்றமா, எல்லாவற்றுக்கும் இதே பதில். சொன்ன மறுநிமிடம் காரணம் தேடுவது நின்றுபோகிறது. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1969இலேயே இந்த மனப்போக்குக்கு ‘ஏஜிசம்’ என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்ததால் அது போய்விடவில்லை.

முதியவரின் உடம்பு நோயை வேறு மாதிரி காட்டும். நிமோனியா இருக்கும், காய்ச்சல் இருக்காது. மாரடைப்பு வந்திருக்கும், நெஞ்சு வலித்திருக்காது. ‘ரெண்டு நாளா சாப்பிடல, ஒரு மாதிரியா இருக்காங்க’ என்று வீட்டார் சொல்வது மட்டும்தான் துப்பு. இளவயதுக்காரரின் அறிகுறிகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இந்தத் துப்பைத் தவறவிடுவதில் வியப்பில்லை.

டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கத்திக் கூச்சலிட்டு, ஊசிக் குழாயைப் பிடுங்குகிற நோயாளியை யாரும் கவனிப்பார்கள். சத்தம் போடாமல் சுருண்டு கிடப்பவரும் டெலிரியத்தில் இருக்கலாம். அவரை ‘நல்லாத் தூங்குறார், தொந்தரவு இல்லை’ என்று அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மாதங்களின் பெயரை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். கூட இருப்பவரிடம், ‘வழக்கத்தைவிட வித்தியாசமா இருக்காரா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது, டெலிரியம் மணிக்கணக்கில் வந்து ஏறி இறங்குவது. இந்த ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தாலே எத்தனையோ பேர் ‘மறதி நோய்’ என்ற தவறான முத்திரையிலிருந்து தப்புவார்கள்.

தடுக்கவும் முடியும். அமெரிக்காவில் ஷேரன் இனூய் என்ற முதியோர் மருத்துவர் தலைமையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வழக்கமான கவனிப்பு பெற்ற முதியவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. தனிக் கவனிப்பு பெற்றவர்களில் அது 9.9 சதவீதம். அந்தத் தனிக் கவனிப்பு என்ன என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது, காதில் மெழுகு அடைத்திருந்தால் நீக்குவது, போதிய தண்ணீர் குடிக்க வைப்பது, இன்று என்ன கிழமை, இருப்பது எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது, மாத்திரை இல்லாமல் தூங்க வைக்கப் பார்ப்பது. இதில் பெரும்பகுதியைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே செய்தார்கள். முதலாண்டு மாணவரும் செய்யக்கூடியவைதான். ஆனால் மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை என்பதால் இதைப் படிப்பாகவே யாரும் மதிப்பதில்லை.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கிறோம். கால் வீங்குகிறது. அது மருந்தின் பக்கவிளைவு என்று தோன்றாமல், வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்க்கிறோம். இரவில் நாலு தடவை எழ வேண்டியிருக்கிறது, அடக்கவும் முடியவில்லை. அதற்குச் சிறுநீர்ப் பைக்கு ஒரு மாத்திரை. அது வாயை வறட்டி, மலச்சிக்கல் உண்டாக்கி, மூளையையும் குழப்புகிறது. கடைசியில் இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுகிறார். கேஸ் ஷீட்டில் ‘விழுந்ததால் எலும்பு முறிவு’ என்று எழுதுகிறோம். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் போதும். இந்தச் சங்கிலியை மருத்துவ மாணவர், ஃபார்மசி மாணவர், செவிலிய மாணவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவிழ்த்துப் பழக வேண்டும். மாத்திரையை எழுதுபவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர், இரவில் கழிவறைக்குக் கூட்டிப் போகிறவர் மூன்றாமவர். ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். முதியவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1991இலேயே பட்டியல் போட்டது. இன்றுவரை அதைத் திருத்திப் புதுப்பித்து வருகிறார்கள். தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் ரத்த அளவைப் படிக்கவும் இங்கேதான் சொல்லித் தர வேண்டும். தசை வற்றிய உடம்பில் அந்த எண் இயல்பாகத் தெரியும், சிறுநீரகத்தின் திறனோ வெகுவாகக் குறைந்திருக்கலாம்.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1935இல் லண்டன் பக்கம் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர், பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேறமாட்டார்கள் என்று படுக்கையிலேயே விட்டு வைத்த நூற்றுக்கணக்கானோர். அவர் ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்தார், வகை பிரித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். பலரைப் படுக்க வைத்திருந்தது நோயைவிடப் படுக்கைதான் என்று தெரிந்தது. மருத்துவ மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டும் என்று அவர் அப்போதே எழுதினார். இன்றும் நடந்து வந்த முதியவருக்கு முதல் நாளே டயப்பரும் கத்தீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயும் போட்டு, ‘விழுந்துடுவீங்க, எழுந்திருக்காதீங்க’ என்கிறோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வந்தபோது நடந்தாரே என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் யோசனை இதுதான். படிப்பில் சேர்ந்த முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரையும் வீட்டில் ஓரளவு நலமாக வாழும் ஒரு முதியவரோடு இணைத்துவிட வேண்டும். படிப்பு முடியும்வரை அவரையே போய்ப் பார்க்கட்டும். சில நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் ஏற்கெனவே இது உண்டு. முதலில் சும்மா பேசட்டும். பிறகு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும், குளியலறையில் பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கட்டும். மேல் அளவு 20 இறங்கினால் ஏன் தலை சுற்றுகிறது என்பது புத்தகம் இல்லாமலே புரியும். காது மந்தமானவரிடம் கத்தாமல், முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் போதும் என்பதும் இங்கேதான் வரும். கூட வந்த மகனிடம் கேட்காமல் நேராக அவரிடமே கேட்கும் பழக்கமும் வரும். ஒருநாள் அந்த முதியவர் நோயில் விழலாம், இறந்தும் போகலாம். அப்போது அந்த மாணவருடன் உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

முழங்காலில் பட்டையும் கண்ணில் மங்கல் கண்ணாடியும் மாட்டி, ‘முதுமையை உணருங்கள்’ என்று அரை மணி நேரம் நடக்க வைக்கும் பயிற்சிகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. திடீரென்று முடமாவதும் மெல்ல முதுமை அடைவதும் ஒன்றல்ல. மாணவரிடம் மிஞ்சுவது பரிதாபம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. முதியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் உதவியாளர்தான் அவரை அதிக நேரம் பார்ப்பவர். குதிகாலில் சிவப்பு தெரிவதை முதலில் காண்பவரும் அவரே. அந்தச் சிவப்பு அழுத்தியும் வெளிறாவிட்டால் படுக்கைப் புண்ணின் தொடக்கம் என்று அவருக்குச் சொல்லித் தர ஒரு மதியம் போதும். பயிற்சி வகுப்புக்கு ஆள் அனுப்பும்போது அவர் பெயர்தான் முதலில் விடுபடும்.

கடைசியாகத் தேர்வு. கேட்காத கேள்விக்கு எந்த மாணவரும் படிக்கமாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. செய்முறைத் தேர்வில் ஒரு நாற்காலி போடுங்கள், மூன்று மீட்டர் அளந்து தரையில் கோடு கிழியுங்கள். முதியவர் எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தை மாணவர் கணக்கிட வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அவர் விழக்கூடும் என்று பொருள், அடுத்து மாணவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் அடுத்த வருடமே வார்டில் நோயாளிகளை நடக்க வைத்துப் பார்ப்பார்கள். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் இந்த நாற்காலி விஷயத்தையாவது எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மேற்படிப்பு இடங்களைக் கூட்டுவது போல இதற்குப் பணமோ அனுமதியோ அதிகம் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் பயிற்றுநர் ஒருவர்