செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், கோட்டூர், சேத்துமடை பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அவர்களோடு வந்திருக்கும் வீட்டாரே, வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான துப்பாக்கி உரிமதாரர்களாகிய நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சொல்வார். அதில் ஒளிக்கவும் ஒன்றுமில்லை, மார்தட்டவும் ஒன்றுமில்லை.

ஆண்டு தொடங்கியபோது நம்மில் பெரும்பாலோர் வீட்டில் துப்பாக்கி இல்லை. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போல் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் தேதியே வாக்குப்பதிவு முடிந்தாலும், நாடு முழுக்க நடத்தை விதி விலகியது ஜூன் 6 அன்றுதான். தோப்பில் பன்றி மேய்ந்த கோடை முழுவதும் துப்பாக்கி ஸ்டேஷனில் படுத்திருந்தது. எல்லோரிடமும் வாங்கியே தீரவேண்டும் என்று விதி இல்லை. ஆய்வுக் குழு பார்த்து, தேவைப்படுகிறவர்களிடம் மட்டும் வாங்கினால் போதும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். இதைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்தோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள்; துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவற்றில் சில குழல்களில் துருப்புள்ளி இருந்தது. யாரைக் குறை சொல்லி என்ன? 2026இல் சட்டமன்றத் தேர்தல் இருக்கிறது. அதற்குள் உறுப்பினர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் போட்டு, பருத்தித் துணி சுற்றி, துப்பாக்கியின் எண் எழுதிய அட்டையைக் கட்டி, ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வாருங்கள். தோல் உறையில் வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஜூனில் துப்பாக்கியைத் திரும்ப வாங்க ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோதுதான் இந்த ஆண்டின் முக்கிய வேலை பிறந்தது. வரிசையில் நின்றவர்கள் உரிமம், புதுப்பித்தல் என்று பேச ஆரம்பித்து, "இது எங்க அப்பாரு வாங்கினதுங்க" என்பதில் வந்து நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. ஏட்டய்யாவே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்டார். இந்தக் கதைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் என்ன என்று அடுத்த செயற்குழுவில் கேட்டார் தலைவர். சரி என்று முடிவானது. அக்டோபர் 11 ஆயுத பூஜை அன்று மாலை கூட்டம் வைத்தோம். துப்பாக்கிகள் சந்தனம் குங்குமத்தோடு அவரவர் வீட்டிலேயே இருக்க, கையில் புகைப்படத்தோடு மட்டும் வரச்சொன்னோம். ஒரே மண்டபத்தில் இத்தனை துப்பாக்கி சேர்ந்தால் பூஜை வேறு மாதிரி ஆகிவிடும்.

கூட்டத்துக்கு ஒரு விதி வைத்தோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன் பிறகும் சிறு வேட்டைக்கு உரிமம் பெற வழி இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போனது. ஆகவே அதற்குப் பிந்தைய வேட்டைக் கதை எதுவும் நோட்டில் ஏறாது. அந்தக் காலத்தைப் பற்றி நம் உறுப்பினர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பதே சங்கத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

முதலில் பேசியவர் ஆனைமலை உறுப்பினர். அவருடையது சுத்தி வெளியே தெரியும் பழைய இரட்டைக்குழல், 12 போர் என்ற குழல் அளவு. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்த வருஷம் அவருடைய கொள்ளுப்பாட்டனார் சென்னைக்குப் போய்ப் புத்தம் புதிதாக வாங்கியது என்று நாலு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கடைக்காரர் வெள்ளைக்காரர், விலை இத்தனை ரூபாய், கூடவே ஒரு பெட்டி தோட்டா இனாம் என்று கதையில் எல்லாம் இருந்தது. அவர் மருமகன் குழலின் அடிப்பக்கத்தைக் கழற்றிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். இடது குழலில் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தது. வாய் குறுகிய சோக் குழலில் ஒற்றை உருண்டைக் குண்டு போடக்கூடாது என்று எச்சரிக்க இங்கிலாந்துச் சோதனைச் சாலைகள் இட்ட முத்திரை அது. 1875 முதல் 1887 வரைதான் அந்த வாசகத்தைப் பொறித்தார்கள். அப்படியானால் ரயில் வந்தபோது அந்தத் துப்பாக்கிக்குக் குறைந்தது 28 வயது. மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ எங்க பெரியவரை ஏமாத்தித்தான் வித்திருக்கான்" என்றார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாபாரத்துக்காக ஒரு மனிதர் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். நோட்டில் இரண்டையும் எழுதியிருக்கிறோம், கதையையும் முத்திரையையும்.

அதே துப்பாக்கியில் இன்னொரு விஷயம் தெரிந்தது. குழல் முழுக்க நீர் அலை போலக் கோடுகள். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவை அதில் போட்டுச் சுடுவது தற்கொலைக்குச் சமம். இது மட்டுமல்ல, பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே போய் உட்காருவதால் பொருந்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வெடிக்கும்போது விரியும் வாய்க்கு அங்கே இடம் இருக்காது, அழுத்தம் எகிறிவிடும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சேத்துமடைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர். அவரிடம் இருப்பது முன்வாயில் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும் ரகம். அவர் அப்பா கடலைக்காட்டுக் காவலுக்கு வைத்திருந்தது. கருமருந்தை அளந்து கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வைத்து, கம்பியால் இடித்து, பால்ரஸ் போட்டு, மறுபடி நார், மறுபடி இடி, கடைசியில் சுத்தி அடித்தால் தீப்பொறி விடும் கேப் ஒன்றை மாட்டவேண்டும். இதையெல்லாம் மேடையில் கையாலேயே செய்து காட்டினார். நாரை எவ்வளவு இறுக்கி இடிக்கவேண்டும் என்பதை அவர் அப்பா காதால் பார்ப்பாராம். கம்பி 'தொப்' என்று இருந்தது 'டக்' என்று மாறினால் போதும். மழைக்காலத்தில் அந்தக் கேப்புகளை மடியில் கட்டி உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்களாம். இத்தனைக்குப் பிறகும் பத்துக்கு நாலு முறை புஸ். "ஒருதரம் தப்பிச்சுன்னா, நாங்க அடுத்த மருந்து கெட்டிக்கறதுக்குள்ள பன்னி ரெண்டு பாத்தியைத் தின்னுட்டுத் தண்ணிக்கும் போயிரும்" என்றார். அந்தத் துப்பாக்கியால் பன்றி செத்ததாக ஒரு கதையும் அவரிடம் இல்லை. ஆனாலும் அன்று அதிகம் கைதட்டு வாங்கியது அதுதான்.

கோட்டூர் அம்மையார் ஒருவர், நம் சங்கத்தில் கணவருக்குப் பின் வாரிசு முறையில் உரிமம் பெற்றவர், பேசமாட்டேன் என்றுதான் வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை. அறுபதுகளின் கடைசியில் அவர் கல்யாணமாகி வந்த புதிது. கணவர் விடியற்காலையில் தோட்டத்து வீடான சாளைக்குப் பின்னால் போய் ஒரு காட்டுக்கோழியோடு வருவார். காடை கௌதாரிக்கு எட்டாம் நம்பர், முயலுக்கு நாலாம் நம்பர் என்று ரவையின் அளவு வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் கறியிலிருந்து பொறுக்கி எடுப்பது அவர்கள்தானே. எவ்வளவு பொறுக்கினாலும் ஒன்றிரண்டு வறுவலில் தப்பிவிடும். மாமனார் கடித்தால் ஒன்றும் சொல்லாமல் வட்டிலில் துப்புவார். பித்தளையில் 'டிங்' என்று விழும். சமையலறைக்குள் இருக்கும் இவருக்கு அந்தச் சத்தம் கேட்டால் உயிர் போய் உயிர் வரும். "துப்பாக்கி வெடிச்சப்பக் கூட நான் பயந்ததில்லைங்க, அந்த டிங்குக்குத்தான் பயம்" என்றார். இப்போது மாதம் ஒருமுறை அவரே துடைத்து எண்ணெய் போடுகிறார். தோட்டா வாங்கியதே இல்லை.

எல்லாக் கதையும் சிரிப்பு இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் தம் தகப்பனாரின் இஷாப்பூர் .315 ரைஃபிளைப் பற்றிச் சொன்னார். அவருடைய தகப்பனார் ஒரு கேளையாட்டை, அதாவது குரைக்கும் சிறு மானை, சுட்டார். அது உடனே விழாமல் புதருக்குள் போய்க் கத்திக்கொண்டே இருந்தது. தேடிக் கண்டுபிடிக்க இருட்டிவிட்டது. அன்றோடு தகப்பனார் வேட்டைக்குப் போவதை விட்டுவிட்டார், சட்டம் வருவதற்குச் சில வருஷம் முன்பே. ஆனால் ரைஃபிளை விற்கவும் இல்லை. விட்டவர் ஏன் வைத்திருந்தார் என்று ஒரு இளைஞர் கேட்டார். "அதை நான் கேட்கல, நீயும் கேட்காதே" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேட்டையைக் கொண்டாடுகிறோமா என்று அன்றே ஓர் உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். குறிப்பில் பதிவாகியிருக்கிறது. செயலாளர் என்ற முறையில் என் கருத்து இது: காட்டில் மிருகம் குறைந்ததில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. சுட்டதையும் சுடாததையும் சேர்த்தே எழுதுவோம். உரிமப் புத்தகத்தில் ரகமும் எண்ணும்தான் இருக்கின்றன. மற்றது எழுபது எண்பது வயதுக்காரர்கள் தலையில் இருக்கிறது.

இதில் அவசரம் ஏன் என்பதற்கு வேட்டைக்காரன்புதூர் உறுப்பினர் சொன்னதே போதும். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்தம் வந்து, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும். அவரிடம் அப்பாருவின், அதாவது தாத்தாவின், பழைய ஒற்றைக்குழல், அப்பாவின் வெப்லி ஸ்காட் இரட்டைக்குழல், தான் வாங்கிய .22 ரைஃபிள் மூன்றும் இருந்தன. விலை போகக்கூடியது வெப்லி. நேராகச் சுடுவது .22. ஒற்றைக்குழலோ கட்டை உடைந்து, உள்ளூர் ஆசாரி வேறு மரத்தில் கட்டை போட்டு, பித்தளைத் தகடு அடித்து வைத்திருப்பது. குழல் தேய்ந்து காகிதமாகியிருந்தது. வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு. கடைசியில் அவர் கொடுத்தது வெப்லியை. டீலர் கடையில் வைத்துவிட்டு வரும்போது அதன் கன்னம் படும் இடத்தில் அப்பாவின் தாடி உரசி வார்னிஷ் போயிருந்ததைப் பார்த்தாராம். திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தாராம். ஒற்றைக்குழலை ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்றதற்கு, "அதை வேற யாரு வாங்குவாங்க?" என்றார். இப்போது அந்த வெப்லியைப் பற்றி எஞ்சியிருப்பது அவர் சொன்ன அரைமணி நேரப் பேச்சும் நம் நோட்டில் இரண்டு பக்கமும்தான்.

காட்டுப்பன்றி விவகாரத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள், சிலர் பெரிய ரவை போட்ட எல்.ஜி. தோட்டா விலை விசாரித்ததாகவும் கேள்வி. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை, நாம் அல்ல. நம் தோப்புகள் பல முதல் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகின்றன. பாலக்காட்டுப் பக்கம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவின் பேரில் உரிமதாரர்களே சுடுகிறார்களே என்று கேட்கிறீர்கள். உண்மைதான். அங்கேயும் கறி கிடையாது; புதைக்க வேண்டும். அதே போன்ற ஏற்பாடு இங்கும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. அதுவரை யாரும் தாமாக முடிவெடுத்துச் சங்கத்தின் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

உரிமக் காலம் இப்போது 5 ஆண்டு. 2020இல் புதுப்பித்தவர்களுக்கு இந்த ஆண்டு தவணை. மறந்துவிடாதீர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தவர்களோ உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பெரியவர் போன பிறகு துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும்; பிள்ளைகள் அதற்காக லீவு போட்டு வந்து அலைய மாட்டார்கள்.

நோட்டு இப்போது பாதிகூட நிரம்பவில்லை. நடக்க முடியாத மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்கே செயற்குழுவிலிருந்து இருவர் வந்து எழுதிக்கொள்வார்கள். குழல் முத்திரையின் படம், உரிம எண், யாரிடமிருந்து வந்தது ஆகிய மூன்றையும் தயாராக வையுங்கள். கதை தானாக வரும்.

இந்த ஆண்டு மண்டபம் கொடுத்து உதவியவருக்கும், ஆயுத பூஜை அன்று பொரி கடலை வாங்கிய செலவைச் சங்கக் கணக்கில் எழுத மறுத்த துணைத்தலைவருக்கும், நோட்டைக் கைப்பட எழுதும் இணைச்செயலாளருக்கும் நன்றி. இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அடுத்து, பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்