சேவைக்கு வந்த பிள்ளை ஊர் பார்க்கப் போனால் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாவட்டத்து இல்லங்களுக்கு வெளிநாட்டிலிருந்து சேவைக்கு வரும் இளைஞர்கள், பாதியில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். இது சேவையா, சுற்றுலாவா என்று போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. நானும் அப்படி வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போனவள், அங்கே லீவு போட்டு ஊர் பார்த்தவள்.

முதலில் எங்கள் ஊர்ச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். தக்கலைப் பக்கம் எங்கள் தெருவுக்குப் பின்னால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே ஜெர்மனியிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எட்டு மாதமாக வேலை செய்கிறாள். காலை ஆறு மணிக்குக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதில் தொடங்கி, ராத்திரி மூத்திரத் துணி மாற்றுவது வரை எல்லாம் செய்கிறாள். போன வாரம் 12 நாள் லீவில் கிளம்பினாள். ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது அந்த இல்லத்தைச் சேர்ந்த ஒருவர், அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: “சேவை செய்ய வந்தவளுக்கு ஊரு சுத்த என்னத்துக்கு லீவு?” எட்டு மாதத்தில் அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும். என்னைப் பார்த்து, “பாட்டி, நான் தப்பு செய்றேனா?” என்று கேட்டாள். “இல்ல மக்ளே, போயிட்டு வா” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த லீவை அவள் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. இளைஞர்களை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்ப ஜெர்மனி அரசு 2008-இல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டத்தில், 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களுக்கான இடத்தில் வந்தவள். அவளுடைய ஒப்பந்தத்திலேயே விடுப்பு நாட்கள் எழுதியிருக்கின்றன. 1961-இல் கென்னடி தொடங்கிய அமெரிக்க ‘பீஸ் கோர்’ என்ற தன்னார்வச் சேவை அமைப்பிலும் 27 மாதப் பணி, மாதத்துக்கு இரண்டு நாள் கணக்கில் விடுப்பு. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு உழைக்கிறவர்களுக்கு இதுகூடக் கிடையாதா?

ஆனால் நான் சொல்ல வந்தது சட்டம் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் செவிலியராக இருந்து 2011-இல் ஓய்வு பெற்றேன். பாதிக்கு மேல் பிரசவ வார்டு. வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். அடுத்த வருடம் ஒரு தன்னார்வ அமைப்பு மூலம் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுக்குப் போனேன். வடக்கு மாகாணத்தில் கசாமா நகரத்தைத் தாண்டி ஒரு சின்ன சுகாதார நிலையம். முதல் நாள் தட்டில் வந்தது நம்ம மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு! விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய அதே கிழங்கு. நாம் அவித்துத் தண்ணீரை வடிக்கிறோம்; அவர்கள் நாலைந்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பை எடுத்து, காயவைத்து இடித்து மாவாக்கிக் களி கிண்டுகிறார்கள். தொட்டுக்கொள்ள கபென்டா என்று ஒரு பொடிமீன் கருவாடு. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் நெத்திலிதான். அதனாலேயே இது நம்ம ஊர் மாதிரிதான் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

அங்கே தாய்மார்கள் பிரசவத்துக்குத் தாமதமாகத்தான் வருவார்கள். வலி கண்டு ஒரு நாள் முழுக்கக் கழிந்தபிறகு, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆனபிறகு வருவார்கள். சிலர் வருவதே இல்லை. தூரத்துப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கிக்கொள்ள நிலையத்தின் பக்கத்திலேயே ஒரு கொட்டகை உண்டு. அது பாதி நாள் காலியாகக் கிடக்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும். “பத்து நாள் முன்னாடியே வந்து இருக்க வேண்டியதுதானே?” என்று சத்தம் போடுவேன். உடன் வேலை பார்த்த ஜாம்பியா செவிலியர் நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் பெம்பா மொழியில் சொல்லுவார். ஒருமுறை ஒரு தாயின் குழந்தை தங்கவில்லை. அன்று அவளிடம் நான் பேசிய பேச்சு இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

2013 அக்டோபரில் எனக்கு 14 நாள் லீவு. வந்தது வந்தோம், விக்டோரியா அருவியைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். ஆயிரத்து எழுநூறு மீட்டர் அகலம், நூற்றெட்டு மீட்டர் உயரம் என்று படித்திருந்தேன். தலைநகர் லுசாகா போய், அங்கிருந்து லிவிங்ஸ்டன் போய், போய்ப் பார்த்தால் ஜாம்பியா பக்கத்தில் பெரும்பாலும் வெறும் பாறை. அக்டோபர் அங்கே கொடும் வெயில் காலம். ஜாம்பசி ஆறு நிறைந்து விழுவது ஏப்ரல் மாதத்தையொட்டித்தான். கோடையில் நம்ம திற்பரப்பு அருவி கிடப்பது போலக் கிடந்தது. ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக, அடுத்த பிரசவம் எப்போது என்ற நினைப்பு இல்லாமல் என் உடம்பு ஓய்ந்தது.

திரும்பும் வழியில், அந்தச் செவிலியர் வற்புறுத்தியதால் அவருடைய தாய் வீட்டுக்குப் போனேன். பங்வேலு ஏரிக்கரையில் சாம்ஃபியா என்ற ஊரைத் தாண்டி உள்ளே. கடலே இல்லாத நாடு. ஆனால் அந்த ஏரிக்கு வெள்ளை மணல் கரை இருக்கிறது, அலை அடிக்கிறது, எதிர்க்கரை தெரியாது. தண்ணீரும் வானமும் சேருகிற இடம் என்பதுதான் பெயருக்கே பொருளாம். குளச்சல் கடற்கரையில் நிற்பது போலவே இருந்தது, உப்பு வாடை மட்டும் இல்லை.

அங்கே நான்கு நாள் இருந்தேன். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெண்களோடு அவர்களுடைய சுகாதார நிலையத்துக்கு நடந்து போனேன். விடியுமுன் கிளம்பி, வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் போய்ச் சேர்ந்தோம். தமிழ்நாட்டைப் போல ஐந்தே முக்கால் மடங்கு பெரிய நாடு அது. ஜனமோ இரண்டு கோடிதான். நம்ம மாவட்டம் மொத்தமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதில் ஜங்ஷனுக்கு ஜங்ஷன் ஆஸ்பத்திரி. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இங்கேயே 33 வருடம் வேலை பார்த்தவளுக்குத் தூரம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? என் கால் வீங்கியபோதுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி செவிலியரின் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து இன்னொன்றும் சொன்னார். பிரசவத்துக்கு வருகிறவள் விரிக்க பிளாஸ்டிக் தாள், பேசின், குழந்தையைச் சுற்றப் புதுத் துணி எல்லாம் தானே கொண்டுவர வேண்டும். கொட்டகையில் தங்கினால் சாப்பாட்டுக்கு மாவும் தானே கொண்டுவர வேண்டும். குழந்தைக்குத் துணி வாங்க வழியில்லாதவள், பத்துப் பேர் முன்னால் பழங்கந்தலை நீட்ட வெட்கப்பட்டு, கடைசி நேரம் வரை வீட்டிலேயே கிடந்துவிடுகிறாள். பதினைந்து மாதம் அந்தப் பெண்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த எனக்கு இது தெரியாது. வெள்ளைச் சேலையும் கடிகாரமுமாக நின்றவளிடம் யார் சொல்லுவார்கள்? லீவில், செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் வீட்டில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்கள்.

கசாமா திரும்பியதும் சந்தைக்குப் போனேன். வெளிநாட்டுப் பழைய துணிகளை மலையாகக் கொட்டி விற்பார்கள், சலாவுலா என்று பெயர். கைச்செலவுக் காசில் குழந்தைத் துணியாகப் பொறுக்கி வாங்கி, துவைத்துக் காயவைத்து, அலமாரியில் வைத்தேன். கேட்காமலே கொடுப்பது என்று நானும் அந்தச் செவிலியரும் பேசி வைத்துக்கொண்டோம். மீதி இருந்த மாதங்களில் நான் யாரையும் சத்தம் போடவில்லை. “எப்போ வீட்டை விட்டுக் கிளம்புனே?” என்றுதான் முதலில் கேட்டேன்.

இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அப்படி வந்த இடம்தான் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். லண்டனில் வளர்ந்திருக்க வேண்டிய தொழிலை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். சேர்ந்த பிறகும் 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய்வந்தார். அதற்கப்புறமும் பல வருடம் நெய்யூரில் அறுவை சிகிச்சை செய்தார். என் அம்மாவின் அம்மா அவர் பெயரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடுவார். சேவைக்கு வந்த டாக்டருக்கு மலை ஏற என்ன லீவு என்று அன்றைக்கு நெய்யூரில் யாராவது மறித்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

இல்லங்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லீவு கேட்டு வரும் பிள்ளைகளிடம் முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் தாஜ்மகாலுக்கும் போகட்டும், ஹம்பிக்கும் போகட்டும். அதற்கு முன் இரண்டு நாளாவது, உங்கள் ஊழியர் ஒருவர் துணையோடு இந்த மாவட்டத்துக்குள் கூட்டிப் போங்கள். சிதறால் மலையும் மாத்தூர் தொட்டிப்பாலமும் காட்டினால் போதாது. அவர்கள் சோறூட்டும் குழந்தைகள் எந்தக் கடற்கரையிலிருந்து, பேச்சிப்பாறைக்கு மேல் எந்த மலையிலிருந்து வந்தவர்கள் என்று தெரியட்டும். குழந்தையைப் பெற்றவள் மாதத்துக்கு ஒருமுறைகூட ஏன் பார்க்க வருவதில்லை என்று கேட்கும் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, அவள் மாற வேண்டிய பஸ்களை ஏறிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அந்த ஜெர்மன் பிள்ளை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாகர்கோவில் ஜங்ஷனில் வந்து இறங்குகிறாள். அவளை அழைக்க நான் போகிறேன். மரச்சீனியும் நெத்திலிக் கறியும் வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்று அவளை அப்படிக் கேட்டவரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.