12 ஆட்டம், 12 வெற்றி: யாரோடு ஆடினார்கள் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் தோல்வியே காணாத அணிகள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அமெரிக்க ஃபுட்பால் அணியான 1972 மியாமி டால்ஃபின்ஸுக்கு அடுத்த வரியில் ‘1948, கால்கரி ஸ்டாம்பீடர்ஸ், கனடா, 12 ஆட்டம், 12 வெற்றி’. அவ்வளவுதான். பக்கத்தில் நாம் உதைக்கிற உருண்டைப் பந்தின் படம். கனடியன் ஃபுட்பால் அந்த ஆட்டமே இல்லை சார். ரக்பியிலிருந்து கிளைத்தது, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அமெரிக்கர்களின் ஆட்டத்துக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அமெரிக்காவில் 11 பேர், கனடாவில் 12; பத்து கஜம் முன்னேற அங்கே நாலு வாய்ப்பு, கனடாவில் மூன்று. உங்கள் உருண்டைப் பந்துப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அதே 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்த நம் பெங்களூர் சாரங்கபாணி ராமனைப் பற்றி எழுதும்போது உதவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 12 பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு மேற்குக் கனடா லீக்கில் மொத்தமே மூன்று அணிகள்: கால்கரி, வின்னிபெக், சஸ்காட்சவன். எட்மன்டன் கூட அடுத்த வருஷம்தான் திரும்பி வந்தது. ஆக, அதே இரண்டு அணிகளோடு மாற்றி மாற்றி மோதிச் சேர்த்த 12 அது. எங்கள் மர்ஃபி டவுனில் மூன்று தெருப் பையன்கள் சேர்ந்து ‘டோர்னமெண்ட்’ நடத்துவது போல என்று சொன்னால் கால்கரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் கணக்கு அதுதான். லீக் முடிந்து மேற்குப் பிரிவு இறுதியில் சஸ்காட்சவனோடு இரண்டு ஆட்டம், புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து முடிவு என்று ஏற்பாடு. முதல் ஆட்டம் 4-4, டிரா! இரண்டாவதில் 17-6 என்று ஜெயித்துத்தான் மேலே போனார்கள். தோற்கவில்லை என்பது சரி, எல்லாவற்றையும் ஜெயித்தார்கள் என்பது சரியில்லை. மியாமியோ லீக்கில் 14, அதற்குப் பிறகு 3, பதினேழையும் ஜெயித்த அணி. இரண்டையும் ஒரு விளக்கமும் இல்லாமல் அடுத்தடுத்து வைத்தால் வாசகர் என்ன நினைப்பார்?

இதனால் கால்கரியை மட்டம் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த சீசன் ரொம்பப் பிடிக்கும், அதற்குக் காரணம் வேறு. நவம்பர் 27, டொரன்டோ வார்சிட்டி மைதானம், கனடாவின் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற கிரே கோப்பை இறுதி, எதிரணி ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ். (சஸ்காட்சவன் அணிக்கும் ரஃப்ரைடர்ஸ் என்றுதான் பெயர். அந்த ஊரில் பெயருக்கு என்ன பஞ்சமோ!) பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவதுதான் டச்டவுன்; அப்போது அதற்கு 5 புள்ளி, அதற்குப் பிறகான உதைக்கு 1. ஒட்டாவா ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது கால்கரியின் நார்ம் ஹில் மைதான ஓரத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். ஒட்டாவாக்காரர் யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் எழுந்து ஓடினார், கீத் ஸ்பெய்த் வீசிய பந்து வந்து சேர்ந்தது, டச்டவுன். விதிக்குள்தான் இருந்தது, பிற்பாடுதான் தடை செய்தார்கள். முந்தின வருஷம் சிட்னியில் வினூ மன்கட் பில் பிரவுனை ரன் அவுட் செய்தாரே, அதற்கு இன்றைக்கும் வாதாடுகிற நம் ஆட்களிடம் இதைக் கொடுத்தால் ஒரு மாதம் ஓடும். அப்புறம் ஒட்டாவா 7-6 என்று முந்தியது. கடைசிப் பகுதியில் தரையில் கிடந்த பந்தை, ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து ஒட்டாவா ஆள் விட்டுவிட, வுடி ஸ்ட்ரோட் அள்ளிக்கொண்டு ஓடினார். அடுத்து பீட் தோடஸ் டச்டவுன் போட்டார், 12-7. இதில் பாதி சாமர்த்தியம், பாதி அதிர்ஷ்டம் என்பேன்.

இந்த ஸ்ட்ரோட் யார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அமெரிக்க லீக்கில் 1933-க்குப் பிறகு கறுப்பர்களுக்கு இடமே இல்லை, 1946-இல் அந்தத் தடையை உடைத்தவர்களில் ஒருவர். அங்கே அவரோடு ஒரே அணியில் ஆடிய லெஸ் லியர்தான் கால்கரிக்குப் பயிற்சியாளரானதும் அவரை அழைத்து வந்தார். பிற்பாடு ஹாலிவுட் நடிகர். அதே அணியில் 19 வயது நார்மி குவாங், சீனக் குடியேறிகளின் மகன், கால்கரியிலேயே பிறந்தவர். சீனர்களைக் கனடாவுக்குள் வரவிடாமல் தடுத்த சட்டம் ரத்தாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பின்னாளில் இவரே ஆல்பர்ட்டா மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார், நம் மாநில ஆளுநர் மாதிரிப் பதவி. தாத்தா காலத்தில் பிழைப்புக்காக இந்தக் கன்டோன்மென்ட்டுக்கு வந்து, நாலு தலைமுறை ஆகியும் ‘உங்களுக்கு எந்த ஊர்’ என்று கேட்கப்படுகிற எங்களைப் போன்ற பெங்களூர்த் தமிழர்களுக்கு 12-ஐ விட இதுதான் பெரிய செய்தி.

அந்த ரயில்! கால்கரி ரசிகர்கள் தனி ரயில் பிடித்து, குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு டொரன்டோவில் போய் இறங்கினார்கள். கௌபாய் தொப்பியோடு தெருவில் ஊர்வலம், நடுத்தெருவில் பான்கேக் சுட்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விநியோகம். கிரே கோப்பை என்றால் ஊர்த் திருவிழா என்கிற பழக்கம் இவர்கள் கிளப்பிவிட்டதுதான்.

அடுத்த வருஷமும் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார்கள், ஆனால் இறுதியில் மான்ட்ரியாலிடம் 28-15 என்று அடி வாங்கினார்கள். மறுபடி கோப்பை கைக்கு வர 1971 ஆகிவிட்டது. அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது எத்தனை அணிகள் ஆடிய லீக் என்று ஒரு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். பெட்டியில் இடமில்லை என்றால் இரண்டு அணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு