பூங்காக்களில் ஜியோகேச்சிங்கிற்கு அனுமதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிபிஎஸ் துணையோடு, பிறர் மறைத்துவைத்த சிறு பெட்டிகளைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டைக் குடியிருப்புப் பூங்காக்களின் பொறுப்பாளர்கள் ஐயத்தோடு பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியை மறைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். இவ்விளையாட்டு அங்கிருந்து பரவியது. அந்த வாளி பாதி புதைக்கப்பட்டிருந்தது என்றாலும், இன்றைய விதிகள் மண்ணைத் தோண்டுவதையும் உணவுப்பொருள் வைப்பதையும் தடைசெய்வதோடு, நில உரிமையாளரின் அனுமதியையும் கட்டாயமாக்குகின்றன.

என் தந்தை எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தந்த பாதையும், முதுமையில் அவர் மாலைதோறும் அமர்ந்திருந்த கல் இருக்கையும் ஒரே பூங்காவில் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்துக்கான குறிப்பு கிடைக்கும் வகையில் அவற்றை இணைத்து, இறுதிப் பெட்டியின் குறிப்பேட்டில் அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதிவைக்க விரும்புகிறேன். அறிமுகமில்லாத ஒருவர் அதைப் படித்து, தம் பெயரையும் தேதியையும் எழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துச் செல்வார் என்ற எண்ணமே எனக்கு மிகுந்த நிறைவளிக்கிறது.

பூச்செடிப் பாத்திகள், பறவைகள் கூடு கட்டும் மரங்கள், மின்பெட்டிகள் ஆகியவற்றை விலக்கி, பிற இடங்களுக்கு எழுத்துவழி அனுமதி வழங்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் மேல் அது என்னவென்று தெளிவாக எழுதி ஒட்டும் பொறுப்பை வைப்பவரே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்